வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்குங்கள்: யூத மதத்தை அறிய வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யூத மதத்தைப் பற்றி அறிய வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அவர்கள் எதை நம்புகிறார்கள்?" என்பதைத்தான். நானும் அந்தக் கேள்வியோடுதான் புத்தகங்களைத் திறந்தேன். நெடுநாள் வாசலிலேயே நின்றேன். லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு அழைத்தது. அன்றுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "அவர்கள் என்ன செய்கிறார்கள்?" எப்போது விளக்கேற்றுகிறார்கள், எதை எதோடு சேர்த்துச் சமைப்பதில்லை, துக்க வீட்டில் யார் முதலில் பேச வேண்டும் என்று பார்க்கப் பார்க்க, நம்பிக்கை தானாகவே தெரியத் தொடங்கியது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதல் படி: கையோடு கொண்டுவந்த சில எண்ணங்களை இறக்கி வையுங்கள்

ஆபிரகாம், மோசே, தாவீது ஆகிய பெயர்களை நம்மில் பலர் கிறிஸ்தவ விவிலியத்தின் வழியாகவோ, இப்ராஹீம், மூசா, தாவூத் என்று இஸ்லாத்தின் வழியாகவோ கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் யூத மதத்தை மற்றொன்றின் முதல் பாகம் என்று எண்ணிவிடுகிறோம். யூதர்களின் வேதம் தனாக். தோரா என்னும் ஐந்து ஆகமங்கள், தீர்க்கதரிசிகளின் நூல்கள், பிற எழுத்துகள் என்று மூன்று பகுதிகளாக மொத்தம் 24 நூல்கள். புராட்டஸ்டண்டுகளின் பழைய ஏற்பாட்டில் 39 நூல்களாக எண்ணப்படுவதும் இதே நூல்கள்தாம். எண்ணும் முறையும் வரிசையும் வேறு. ஒரு யூதர் வீட்டில் அதைப் "பழைய" ஏற்பாடு என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது பழையதாகவில்லை.

பலிபீடம், ஆசாரியர், ஆட்டுக்கடா பலி என்று விவிலியத்தில் படித்த காட்சிகளையும் ஒதுக்கி வையுங்கள். கி.பி. 70இல் உரோமர்கள் எருசலேமின் இரண்டாம் ஆலயத்தை அழித்ததோடு பலிகள் நின்றுபோயின. அதன் பிறகு ரபிகள் என்னும் ஆசிரியர்கள் ஆலயத்தின் இடத்தில் மூன்றை வைத்தார்கள்: வீட்டு மேசை, கூட்டு ஜெபம், படிப்பு. இன்று நாம் காணும் யூத மதம் இந்த மூன்றின் மேல் எழுந்தது.

"தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள்" என்ற சொல்லும் பலரை உறுத்துகிறது. மரபு அதைப் பெரும்பாலும் கூடுதல் கடமை என்ற பொருளில்தான் விளக்குகிறது. யூதருக்கு 613 கட்டளைகள்; மற்ற மனிதர்களுக்கு நோவாவின் ஏழு கட்டளைகள் போதும். கொலை, திருட்டு கூடாது, நீதிமன்றங்கள் அமைக்க வேண்டும் என்பவை அந்த ஏழில் அடங்கும். எந்த இனத்தவராயினும் நல்லவருக்கு வரப்போகும் உலகில் பங்கு உண்டு என்று ரபிகள் எழுதிவைத்தார்கள். உங்களை மதம் மாற்ற யாரும் வரமாட்டார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. உலகில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி யூதர்கள் இருக்கிறார்கள். போலந்து, மொராக்கோ, ஏமன், எத்தியோப்பியா, கொங்கண், கொச்சி எனப் பல மண்ணில் வேர்விட்டவர்கள். இஸ்ரேலின் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர். உலக யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேறு நாடுகளில் வாழ்கிறார்கள். அந்த அரசின் செயலுக்கு உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் விளக்கம் கேட்டு அறிமுகத்தைத் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்

தோராவின் ஐந்தாம் நூலான உபாகமம் 6:4. இஸ்ரவேல் மக்களைக் கேட்கச் சொல்லி, நம் கடவுள் ஒருவரே என்று அறிவிக்கும் வாக்கியம். அதன் முதல் சொல்லான "ஷெமா" என்பதே அதன் பெயர். பொருள் "கேள்". காலையிலும் இரவிலும் சொல்வது இது. குழந்தைக்கு முதலில் சொல்லித் தருவது இது. இறக்கும் தறுவாயில் உதட்டில் இருக்க வேண்டும் என்று விரும்புவதும் இதையே. வீட்டு வாசலின் வலப்பக்க நிலையில் சாய்வாகப் பதித்த சிறு பேழையைப் பார்ப்பீர்கள். அதன் பெயர் மெசூசா. உள்ளே தோல்சுருளில் கையால் எழுதிய ஷெமா இருக்கிறது.

அந்த வாக்கியத்தில் கடவுளின் நான்கெழுத்துப் பெயர் வருகிறது. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் "அதோனாய்" என்று வாசிப்பார்கள். பேச்சில் "ஹஷேம்", அதாவது "அந்தப் பெயர்" என்பார்கள். நீங்களும் அதை உச்சரிக்க முயல வேண்டாம். அந்தப் பெயர் எழுதிய தாள் கிழிந்துபோனாலும் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றில் இப்படிச் சேர்ந்த தாள்களிலிருந்துதான், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதங்கள் நமக்குக் கிடைத்தன.

ஒரே கடவுள், அவர் தந்த தோரா, வரவிருக்கும் மெசியா, இறந்தோர் எழுதல் என்று நம்பிக்கைகளைப் பட்டியலிட்டவர்களும் உண்டு. யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் 13 கோட்பாடுகளாக வகுத்தார். ஆனால் அந்தப் பட்டியலின் மீதே பின்னர் விவாதம் எழுந்தது. இங்கே விவாதம் தவறாகக் கருதப்படுவதில்லை. ரபிகளின் வாய்மொழிச் சட்டங்களைக் கி.பி. 200 அளவில் தொகுத்த மிஷ்னாவும், அதன் மேல் பல தலைமுறைகள் நடத்திய விவாதங்களின் தொகுப்பான தல்மூதும் ஹில்லேல் பள்ளியார் இப்படிச் சொன்னார்கள், ஷம்மாய் பள்ளியார் அப்படிச் சொன்னார்கள் என்று தோற்ற பக்கத்தின் கருத்தையும் காத்து வைத்திருக்கின்றன. "இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் சொற்களே" என்று தல்மூத் சொல்லும் இடத்தை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். பாபிலோனியத் தல்மூதை நாளுக்கு ஓர் ஏடு வீதம் படித்தால் முடிக்க ஏழரை ஆண்டுகள் ஆகும். 1923 முதல் உலகெங்கும் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படித்துவரும் வழக்கம் இருக்கிறது.

மூன்றாம் படி: வெள்ளிக்கிழமை மேசைக்குச் செல்லுங்கள்

அழைப்பு வந்தால் தயங்காதீர்கள். விருந்தோம்பல் அவர்களுக்குக் கட்டளை. உங்களால் அவர்களுக்குத் தொல்லை இல்லை.

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஓய்வுநாளான ஷபாத் வெள்ளி மாலை தொடங்கி, சனி இரவு மூன்று விண்மீன்கள் தெரியும்போது முடிகிறது. சூரியன் மறைவதற்குப் பொதுவாக 18 நிமிடங்களுக்கு முன்பு, எருசலேமில் 40 நிமிடங்களுக்கு முன்பு, வீட்டுப் பெண்மணி மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஆகவே நேரத்தைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். லண்டனின் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே ஷபாத் வந்துவிடும். ஜூனில் சூரியன் ஒன்பதைத் தாண்டித்தான் மறையும்.

என்ன எடுத்துச் செல்லலாம்? நீங்கள் சமைத்தது வேண்டாம். காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன். யூத உணவு விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் கோஷர் முத்திரையுள்ள, திறக்காத இனிப்புப் பெட்டி நல்லது. பூ கொடுப்பதானால் சூரியன் மறையுமுன் கொண்டுபோய்க் கொடுங்கள். ஷபாத்தில் பூவை ஜாடியில் நீர் ஊற்றி வைக்க மாட்டார்கள். கண்டிப்பான குடும்பங்களில் ஆணும் பெண்ணும் கைகுலுக்குவதில்லை. நமக்கு அதில் சிக்கலே இல்லை; கைகூப்பி "ஷபாத் ஷாலோம்" என்று சொல்லிவிடலாம்.

மேசை மீது இரண்டு ரொட்டிகள் துணி மூடி இருக்கும். சடை பின்னியதுபோல் இருக்கும் அந்த ரொட்டிக்கு ஹல்லா என்று பெயர். பாலைவனத்தில் ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மன்னா என்னும் வானத்து உணவு இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவாக இரண்டு. முதலில் பாட்டு, பிறகு பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி கூறுவார்கள். வளர்ந்த, தாடி வைத்த மகனும் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தேன். பிறகு திராட்சை மதுக்கோப்பையை உயர்த்திக் கித்தூஷ் என்ற மந்திரத்தைச் சொல்லுவார்கள். கண்டிப்பான வீடுகளில் மதுவை நீங்கள் எடுத்து ஊற்ற வேண்டாம். யூதரல்லாதவர் கைபட்ட திராட்சை மது பற்றிப் பழைய விதி இருக்கிறது. ஊற்ற அவர்களையே விட்டுவிடுங்கள்.

அடுத்து இரண்டு கைப்பிடியுள்ள குவளையால் கைகழுவுவார்கள். கைகழுவியதிலிருந்து ரொட்டி வாய்க்குப் போகும்வரை யாரும் பேசமாட்டார்கள். இது தெரியாவிட்டால் நம்மிடம் ஏதோ வருத்தம் என்று தோன்றிவிடும். அமைதியாக இருங்கள். ரொட்டியை உப்பில் தொட்டுத் தருவார்கள். அதற்குப் பிறகு மீன், சூப், இறைச்சி, பாட்டு, அந்த வாரத்துத் தோராப் பகுதி பற்றிய வாதம். பத்து வயதுப் பெண் தந்தையின் விளக்கத்தை மறுத்துப் பேச, அவர் மகிழ்ந்துபோனார். உண்டபின் நீண்ட நன்றி ஜெபம் இருக்கிறது. அது முடியுமுன் எழுந்துவிடாதீர்கள்.

ஷபாத்தில் செய்யக் கூடாத வேலைகளை மிஷ்னா 39 வகைகளாகச் சொல்கிறது. விதைப்பது, தைப்பது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது. இவற்றின் நீட்சியாக மின்விளக்கு, கைபேசி, கார் எல்லாம் நின்றுவிடும். களைப்பு இங்கே அளவுகோல் அன்று. மேசையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இழுக்கலாம். ஓர் எழுத்தை எழுத முடியாது. ஆறு நாள் உலகை நம் விருப்பப்படி மாற்றுகிறோம், ஏழாம் நாள் அதிலிருந்து கையை எடுக்கிறோம் என்பதே எண்ணம்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். குளியலறையிலிருந்து வெளியே வரும்போது, சிறுவயதில் அம்மா பழக்கியபடி, விளக்கை அணைத்துவிட்டேன். அந்த விளக்கு மறுநாள் இரவுவரை எரிய வேண்டியது. யாரும் கடிந்துகொள்ளவில்லை. என்னைத் திரும்பப் போடும்படியும் சொல்லவில்லை, ஏனென்றால் தமக்காக மற்றவரை வேலை செய்யச் சொல்வதும் பொதுவாகக் கூடாது. அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவர் இரவில் அந்த இருட்டில் தடுமாறியிருப்பார் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். அழைப்புமணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள். கைபேசியை அணைத்துப் பையில் வையுங்கள். படம் எடுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்தத் தடைகள் எதுவும் செல்லாது. ஆம்புலன்ஸை அழைக்கலாம், கார் ஓட்டலாம். செய்யலாம் என்பதுகூட இல்லை, செய்தே ஆக வேண்டும். சிலைவழிபாடு, கொலை, தகாத உறவு ஆகிய மூன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் உயிர் காப்பதற்கு வழிவிடும்.

நான்காம் படி: சமையலறையைப் புரிந்துகொள்ளுங்கள்

விலங்குகளில் குளம்பு பிளந்து, அசையும் போடுபவை ஆகும், பன்றி ஆகாது. கடல் உணவில் செதிலும் துடுப்பும் உள்ள மீன் ஆகும். இறாலும் நண்டும் ஆகாது. விலங்கையும் பறவையையும் முறைப்படி அறுத்து, இரத்தத்தை நீக்க வேண்டும். இது எளிது. கடினமானது பாலும் இறைச்சியும். "ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்று தோரா மூன்று இடங்களில் சொல்கிறது. ரபிகள் அதிலிருந்து பால் சார்ந்த எதையும் இறைச்சியோடு சேர்க்கக் கூடாது என்று விரித்தார்கள். ஆகவே இரண்டு தொகுதிப் பாத்திரங்கள், இரண்டு தொகுதிக் கரண்டிகள். இறைச்சி உண்டபின் பால் குடிக்கப் பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மானிய வழியினர் மூன்று. முட்டை, மீன், காய், தானியம் இரு பக்கமும் சேராதவை. கொச்சி யூதர்களுக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு பெரிய துணை என்று எண்ணிப் பாருங்கள். அது மரத்திலிருந்து வருவது; இறைச்சிக் குழம்பில் தாராளமாக ஊற்றலாம்.

நாம் வழுக்கும் இடம் இதுதான்: "நம் வீட்டில் சைவம்தானே, அவர்கள் சாப்பிடலாமே" என்று நினைக்கிறோம். கடைப்பிடிப்பவருக்கு அது போதாது. உங்கள் பாத்திரத்தில் முன்பு என்ன வெந்தது, கீரையிலும் காலிஃபிளவரிலும் பூச்சி பார்த்தீர்களா, பாலாடைக்கட்டியில் என்ன சேர்ந்திருக்கிறது, யார் சமைத்தார் என்றெல்லாம் கேள்விகள் இருக்கின்றன. அவர்களை அழைத்தால் நீங்களே முன்கூட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் அளவும் வேறு. ஒருவர் உங்கள் தோசையை மகிழ்ந்து உண்பார். இன்னொருவர் முழு வாழைப்பழமும் காகிதக் கோப்பையில் கறுப்புத் தேநீரும் போதும் என்பார். இரண்டாமவர் மறுப்பது உங்களை அன்று.

ஐந்தாம் படி: ஜெப ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்காருங்கள்

முன்னதாக எழுதி அனுமதி பெறுங்கள். பல நகரங்களில் தாக்குதல்கள் நடந்திருப்பதால் வாசலில் காவல் இருக்கும், கேள்விகள் கேட்பார்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். வாசலில் வட்டத் தொப்பிகள் வைத்திருப்பார்கள். மரபைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வார்கள். மாற்றங்களை ஏற்ற ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் பிரிவுகளில் சேர்ந்தே அமர்வார்கள், அங்கே பெண்கள் ரபிகளாகவும் இருக்கிறார்கள். முழுக் கூட்டு ஜெபத்துக்கு வயதுவந்த பத்துப் பேர் வேண்டும். ஆர்த்தடாக்ஸ் கணக்கில் ஆண்கள் மட்டும்.

உருவம் எதையும் காணமாட்டீர்கள். எருசலேமை நோக்கிய சுவரில் ஒரு பேழை, அதன்முன் அணையாத விளக்கு. பேழையைத் திறந்தால் எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுங்கள். உள்ளே இருப்பது கையால் எழுதிய தோராச் சுருள். விரல் படாமல் வெள்ளிக் கோல்கொண்டு காட்டி வாசிப்பார்கள். வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் முடித்து, முடித்த அன்றே முதல் அதிகாரத்தைத் தொடங்குவார்கள். ரபி பூசாரி அல்லர், ஆசிரியர். ஜெபத்தை அறிந்த எவரும் நடத்தலாம்.

ஆறாம் படி: நாட்காட்டியில் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மாதம் நிலவின்படி, ஆண்டு சூரியனின்படி. பொருத்துவதற்கு 19 ஆண்டுகளில் ஏழுமுறை ஒரு மாதம் கூடும். நம் பஞ்சாங்கத்து அதிக மாதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பண்டிகைகள் பல. ஹனுக்கா விளக்குகளும் பூரீம் வேடங்களும் கண்ணுக்கு அழகு. ஆனால் இரண்டைத் தெரிந்துகொண்டால் மற்றவை பின்னால் வரும்.

ஒன்று பெசாக், பஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய நினைவு. வீட்டில் புளித்த மாவின் துணுக்குகூட இல்லாதபடி துடைத்தெடுப்பார்கள். பண்டிகையின் முதல் நாள் இரவு மேசையில் வீட்டின் கடைக்குட்டி, "இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப்போல் இல்லை?" என்று கேட்க, அதற்குப் பதிலாகவே முழுக் கதையும் விரியும். அந்த வாரம் விருந்துக்கு அழைக்காதீர்கள். ஐரோப்பிய வழியினர் பலர் அரிசியும் பருப்பும்கூடத் தொடமாட்டார்கள்.

மற்றது யோம் கிப்பூர். ஏறக்குறைய 25 மணி நேரம் உணவும் நீரும் இல்லாமல் பாவமன்னிப்பு வேண்டும் நாள். மிஷ்னாவில் ஒரு வரி உண்டு: கடவுளுக்கு எதிரான பாவத்தைத்தான் இந்த நாள் போக்கும்; சக மனிதருக்குச் செய்ததை, அவரைச் சமாதானப்படுத்தாதவரை இந்த நாளும் போக்காது. அதனால் முந்தைய நாட்களில் ஒருவரையொருவர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆண்டு என் கதவைத் தட்டி, இரைந்து பேசியிருந்தால் மன்னிக்கச் சொன்னார். அவர் என்னிடம் இரைந்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஏழாம் படி: துக்க வீட்டில்

விரைவில் அடக்கம், எல்லோருக்கும் ஒரே எளிய வெள்ளைத் துணி. அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் குடும்பத்தார் தாழ்வான இருக்கைகளில் வீட்டிலேயே இருப்பார்கள். அதற்கு ஷிவா என்று பெயர். ஏழு என்றே பொருள். கண்ணாடிகளை மூடியிருப்பார்கள். கதவு தாழிடாமல் இருக்கும், தட்டாமல் நுழையலாம். பூ வேண்டாம். வணக்கம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், துக்கத்திலிருப்பவர் பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள். அவர் பேசவே இல்லையென்றால் நீங்களும் பேசாமல் எழுந்து வரலாம், அதுவும் முறையே.

பெற்றோரை இழந்தவர்கள் 11 மாதம் கத்தீஷ் என்னும் ஜெபத்தைச் சொல்லுவார்கள். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முழுவதும் கடவுளின் புகழ். ஆண்டு நினைவை நம் திதிபோல நிலவின் நாள் பார்த்து அனுசரித்து, ஒரு நாள் முழுவதும் எரியும் விளக்கு வைப்பார்கள். கல்லறையில் மலருக்குப் பதில் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு வருவார்கள்.

எட்டாம் படி: மேலே செல்ல விரும்பினால்

யூத மதத்தில் சேர விரும்புபவரை ரபி உடனே ஏற்கமாட்டார். திருப்பி அனுப்பிப் பார்ப்பது பழைய வழக்கம். படிப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். பிறகு மூவர் கொண்ட மன்றத்தின் விசாரணை, ஆண்களுக்கு விருத்தசேதனம், நீரில் முழுக்கு. அறிய மட்டும் விரும்புபவருக்கு இவை எதுவும் வேண்டாம். ஆதியாகமத்தில் ஆபிரகாம் சோதோம் நகரத்துக்காகக் கடவுளிடமே வாதாடும் 18ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பிறகு மிஷ்னாவின் "பிர்க்கே ஆவோத்" என்னும் சிறு நீதிநூலுக்குச் செல்லுங்கள். ஒருவரோடு சேர்ந்து படியுங்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து உரக்க வாசித்து வாதிடுவதே அங்கே படிப்பு.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் போய்ப் பார்க்கக்கூடிய இடம் கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம். 1568இல் கட்டியது. சமூகத்தின் பெரும்பகுதி 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, சிலரே எஞ்சினர். ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் அளித்த செப்பேட்டை இந்தச் சமூகம்தான் காத்துவந்தது. அது வட்டெழுத்தில் இருக்கிறது. பகல்விளக்கு, குடை என்று அவருக்கு வழங்கிய சிறப்புகளின் பெயர்கள் தமிழ்க் காதுக்கு அயலாகப் படா. சனிக்கிழமை செல்லாதீர்கள், பார்வையாளருக்குத் திறக்கமாட்டார்கள். மற்ற நாடுகளின் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் இல்லாத வழக்கம் ஒன்று இங்கே உண்டு: செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே செல்ல வேண்டும். தரையெங்கும் சீனத்தில் கையால் வரைந்த நீல ஓடுகள். பேழை மேற்குச் சுவரில் இருக்கிறது. கொச்சியிலிருந்து எருசலேம் அந்தத் திசையில்தான்.